துளி நின்ற கல்

கொம்பையா நகைமாளிகையில் மின்விசிறியை நிறுத்திவிட்டால், யாரோ நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வைரம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று கீழரத வீதி முழுக்கத் தெரிந்துவிடும். வெக்கையில் துண்டால் விசிறிக்கொண்டு ஆண்களும் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பெண்களும் கடை வாசல்வரை நிற்பார்கள். உள்ளே வடக்கு ஜன்னலைப் பார்த்துப் போட்ட மர நாற்காலியில் ஆவுடை உட்கார்ந்திருப்பாள். கொம்பையா அண்ணாச்சி கல்லை இடுக்கியில் பிடித்து அவள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நீட்டுவார். அவள் கண் நிறையும். நிறைந்த கண்ணிலிருந்து ஒரு துளி இமையை விட்டு இறங்கி, கன்னத்தைத் தொடாமல் விலகி, கல்லுக்கு நேராகக் காற்றில் வந்து நிற்கும். உளுந்தளவாக, உருண்டையாக, கல்லைத் தாளில் மடிக்கும்வரை விழாமல் நிற்கும். அப்படி நின்றால் அது நன்றாகப் பட்டை தீட்டிய கல். துளி நிற்காமல், எல்லோருடைய கண்ணீரையும் போலத் தரையில் விழுந்துவிட்டால், அந்தக் கல்லை எங்கள் ஊரில் எந்தப் பெண்ணின் விரலிலும் போடமாட்டார்கள்.

மின்விசிறி ஓடினால் துளி லேசாக ஆடும், ஆடினால் நிற்கிறதா நிற்கவில்லையா என்று இரண்டு வீட்டாருக்கும் வாக்குவாதம் வரும் என்பதால்தான் அதை நிறுத்துவது. மற்றபடி அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று ஊர் வெகு சீக்கிரமே பழகிக்கொண்டது.

ஆரம்பம் ஆவுடையின் சொந்த நிச்சயதார்த்தத்தில். தட்டும் பூவும் பழமும் வந்தன, மாப்பிள்ளையின் அத்தைமார் வந்தார்கள், மாப்பிள்ளை வரவில்லை. பம்பாயில் அவனுக்கு ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள், அவளுக்கு அன்றைக்குத்தான் பிள்ளை பிறந்திருந்தது. சொல்ல வந்த பெரிய அத்தை, என்ன சொல்வதென்று தெரியாமல், மோதிரத்தைப் பெட்டியோடு திறந்து ஆவுடையின் முகத்துக்கு நேரே காட்டி, "நாங்க ஒண்ணுலயும் குறை வைக்கலம்மா, கல்லைப் பாரு, நீயே பாரு" என்றாள். ஆவுடை பார்த்தாள். துளி நின்றது. அத்தை பயந்துபோய்ப் பெட்டியை மூட, துளி அவள் புறங்கையில் விழுந்தது. பட்டுப்புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே அத்தை இறங்கிப் போனதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பந்தியில் உட்கார்ந்திருந்த கொம்பையா அண்ணாச்சிதான் அதைப் புரிந்துகொண்ட முதல் ஆள். வைரம் வாங்க வருகிறவர்கள் பருமனைப் பார்த்து ஏமாறுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். வெட்டுகிறவன் எடையை விட மனமில்லாமல் கல்லின் வயிற்றில் சதையை மிச்சம் வைத்தால், நடுவில் ஆணித்தலை போல ஒரு இருட்டு விழும். அகலமாகக் காட்ட ஆசைப்பட்டுத் தட்டையாக்கினால், செத்த மீனின் கண் போல வெளுத்து, உள்ளே போன வெளிச்சமெல்லாம் அடிவழியாக ஒழுகிவிடும். இரண்டுக்கும் நடுவே மயிரிழை பிசகாமல் தீட்டிய கல்லில்தான், உள்ளே நுழைந்த வெளிச்சம் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, பார்க்கிறவர் கண்ணுக்கே வந்து சேரும். கடை விளக்கின் கீழே எல்லாக் கல்லும் ஒரே மாதிரி சிரிக்கும். வித்தியாசம் தெரிய நல்ல கண் வேண்டும். அந்தக் கண் இங்கே ஒரு பெண்ணுக்கு வாய்த்திருக்கிறதே என்று அவர் அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். மறுநாள் ஆவுடையின் அண்ணனைக் கூப்பிட்டுத் தன் கடையில் வேலை போட்டுக் கொடுத்தார்.

பக்கத்து ஊர்க் கடைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. வெங்காயம் நறுக்கச் சொல்லி ஒரு பெண்ணை உட்காரவைத்துப் பார்த்தார்கள், அவள் கண்ணீர் பொலபொலவென்று மடியில் விழுந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியைத் தேடிப்பிடித்து வந்து பார்த்தார்கள், அதுவும் விழுந்தது. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவர் வந்து திரவத்தின் பரப்பைப் பற்றிக் கரும்பலகை இல்லாமலே அரைமணி பேசிவிட்டு, போகும்போது தன் மகளின் கல்லை அவளிடம் காட்டிப் பார்த்துக்கொண்டு போனார். கோயிலில் கேட்டார்கள், சாஸ்திரத்தில் வேண்டாமென்று இல்லை என்றார் குருக்கள். ஆவுடையின் அப்பா இறந்தபோது, பிணம் கூடத்தில் கிடக்க, அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க, துக்கத்துக்கு வந்த ஒருவர் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு கல்லை மெல்ல அவள் முகத்துக்கு நேராக நீட்டிப் பார்த்தார். முதல் தரமான கல். ஆனாலும் துளி விழுந்தது. அப்பனுக்கு அழுகிற அழுகையை வைரம் மதிக்கவில்லை என்று அன்றைக்கு ஊருக்குத் தெரிந்தது. வராமல் போனவனுக்காக வருகிற கண்ணீர்தான் நிற்கும். மற்றதெல்லாம் வெறும் தண்ணீர்.

தெரிந்துகொண்டதும், ஊர் அந்தத் துக்கத்தைப் பயிர் வளர்ப்பது போல வளர்த்தது. அவளுக்கு வேறு வரன் வந்தால் எப்படியோ நின்றுபோகும். யாரும் தடுக்கவில்லை, விசாரிக்க வருகிறவர்களிடம் தெருவில் யாராவது ஒருவர் ஒரு வார்த்தை குறைவாகச் சொல்வார்கள், அவ்வளவுதான். எந்த வீட்டு நிச்சயமானாலும் அவளுக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டார்கள். பம்பாய்க்காரனின் பிள்ளைக்கு மொட்டையடித்தது, பள்ளியில் சேர்த்தது, அவன் வீடு கட்டியது எல்லாம் அவள் கேட்காமலே அவளுக்கு வந்து சேர்ந்தன. கொண்டுவந்து சேர்ப்பது அவள் அண்ணன் மனைவி பிரமு. காலையில் காப்பி டம்ளரை வைத்துவிட்டு, தன் தலையை அவிழ்த்துச் சிக்கெடுத்தபடியே பிரமு ஆரம்பிப்பாள்.

"அவன் பெண்டாட்டிக்குச் சங்கிலி எடுத்துப் போட்டிருக்கானாம். உனக்குப் போட வேண்டியது."

"சரி மதினி."

"உனக்கு ஒண்ணும் இல்லையே? அழுதியோன்னு பாத்தேன். இன்னிக்கு மேலத்தெருக்காரங்க கல்லு கொண்டாராங்க."

"அழுவேன் மதினி. கடைக்குப் போனதும் அழுவேன்."

"நல்ல பிள்ளை" என்று பிரமு அவளுக்கு இரண்டாவது தோசை வைப்பாள். கெட்டவள் என்று பிரமுவை யாரும் சொன்னதில்லை. அண்ணாச்சி கடை நடந்தால்தான் புருஷனுக்கு வேலை, ஆவுடை அழுதால்தான் அண்ணாச்சிக்குக் கடை. ஆவுடையின் தலைக்கு எண்ணெய் தேய்த்து, சாம்பிராணி போட்டு, பூ வைத்து அனுப்பியதும் அதே பிரமுதான். எங்கள் ஊரில் ஒரு தலைமுறைப் பெண்கள் முழுக்க அவள் கண்ணீர் நின்ற கற்களைத்தான் விரலில் போட்டுக்கொண்டு புருஷன் வீடு போனார்கள். கல்லில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. வாழ்ந்ததில் குறை இருந்தால் அது வேறு கணக்கு.

இப்படி இருக்கையில் நகைமாளிகைக்கு எதிரே, தளவாய் என்கிறவன் தென்காசிப் பக்கமிருந்து வந்து மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தான். பெண்டாட்டியை இழந்தவன், பிள்ளையில்லை, நாற்பதை நெருங்குகிறவன், சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் கன்னம் குழியும். அவள் கண்கள் எப்போதும் சிவந்திருப்பதைத் தெருவைத் தாண்டிப் பார்த்துவிட்டு, ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்துச் சுவரிலிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னான்.

"மேல உள்ளது தெரியுது. கீழ எறும்பு ஊருது" என்றாள் ஆவுடை.

"எத்தனை எறும்பு?"

"வரிசையா போகுதே, எண்ண விடமாட்டேங்குது."

"கடிக்குமான்னு பாத்துச் சொல்லுங்க."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு தெருவில் கேட்டது. எதிர்க்கடையில் கல்லாவில் இருந்த கொம்பையா அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார்.

கண்ணாடி போட்டுக்கொண்டு அவள் மறுபடி மர நாற்காலியில் உட்கார்ந்த அன்று, கல்லுக்குப் பின்னால் இருந்ததையெல்லாம் முதல் தடவையாகத் தெளிவாகப் பார்த்தாள். அதுவரை அது ஒரு நிறக் கலவையாகத்தான் இருந்தது. இப்போது அது முகங்களாக இருந்தது. இத்தனை வருஷமும் வாயைத் திறந்து, மூச்சைப் பிடித்து, தன் இமையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்ற முகங்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினாள், அப்போதும் வரவில்லை. பம்பாய்க்காரனின் பெயரைச் சொன்னார்கள். யாரோ ஊரில் இருக்கிற ஒருவரைப் பற்றிச் சொல்வது போல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தை மாதம் பிறந்திருந்தது. கல்லை வாங்கி வைத்துக்கொண்டு, நல்லதா கெட்டதா என்று தெரியாமல், பல வீடுகளில் நிச்சயங்கள் தள்ளிப்போயின. கல்யாணத்துக்குக் காத்திருந்த பெண்கள் குளத்துப் படியில் ஆவுடையைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களில் ஒருத்தி, அவளுக்குக் கேட்கும்படியாகவே, "தனக்கு ஒண்ணு அமைஞ்சதும் அடுத்தவளைப் பத்தி என்ன கவலை" என்றாள். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் பார்த்தார் கொம்பையா. பார்க்கிற பழக்கமே அவருக்கு விட்டுப்போயிருந்தது.

தளவாய் பெண் கேட்டான். ஊர் மறுக்கும் என்று ஆவுடை பயந்தாள். ஊர் மறுக்கவில்லை. அண்ணன் சரி என்றான், பிரமு இனிப்பு செய்தாள், மண்டபச் செலவு தன்னுடையது என்று அண்ணாச்சியே முன்வந்து சொன்னார். யாரும் எதையும் பேசிவைத்துத் தீர்மானிக்கவில்லை. நகைமாளிகையின் பின்கட்டில் நாலைந்து பேர் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள்; குடித்துவிட்டு எழுந்திருக்கும்போது, எல்லோருக்கும் எல்லாம் விளங்கியிருந்தது.

கல்லைத் தளவாய் தானே போய் வாங்கினான். அவன் வெளிச்சத்தை வைத்துப் பிழைக்கிறவன். மதுரையில் கடை கடையாக ஏறி, விளக்கடியில் காட்டியதை எல்லாம் வேண்டாமென்று வாசலுக்குக் கொண்டுவந்து திறந்த வானத்தின் கீழே பார்த்தான். மேலிருந்து பார்த்தான், கவிழ்த்து வைத்துப் பார்த்தான், நடுவில் இருட்டு கட்டுகிறதா, ஓரம் வெளுக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். பெரிய கல்லை விட்டுவிட்டு, பார்வைக்குச் சிறியதான ஒன்றை எடுத்துக்கொண்டான். அதில் பட்ட வெளிச்சம் ஒரு பொட்டுக்கூட வீணாகவில்லை. ஊர் திரும்பியதும் ஆவுடையிடம் சொன்னான்.

"இதை உன் முன்னாடி பிடிக்க மாட்டேன். நான் பாத்தாச்சு, அது போதும். நீ இதுக்கு அழ வேண்டாம். இனிமே எதுக்கும் அழ வேண்டாம்."

அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்: அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போகாமல் இருப்பது, அவன் கடையின் பலகையில் உட்கார்ந்து சுவரெழுத்தைப் படிப்பது, சாயங்காலம் இரண்டு பேருக்கு மட்டும் சமைப்பது.

நிச்சயதார்த்தத்துக்கு ஊரே வந்தது. தென்காசியிலிருந்து வேனில் வந்திறங்கிய தளவாயின் அம்மை, இவ்வளவு மரியாதையை எதிர்பார்க்காமல் கூசிப்போய் உட்கார்ந்திருந்தாள். மோதிரத்தைத் தட்டில் வைத்ததும் கொம்பையா அண்ணாச்சி எழுந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மிகவும் பணிவாகச் சொன்னார்.

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா மாப்பிள்ளை. இந்த ஊர்ல துளி நிக்காத கல்லை யாருக்கும் போட்டதில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் பாத்தவ, அவளுக்குப் பாக்கலைன்னு ஆயிரக்கூடாது. அதுக்குத்தான்."

"நான் பாத்துட்டேன் அண்ணாச்சி" என்றான் தளவாய்.

"நீங்க பாத்தீய. நாங்க பாக்கலையே."

"பாத்தா என்னப்பா?" என்றாள் அவன் அம்மை. "கல்லு தேஞ்சா போயிரும்?"

மர நாற்காலியைக் கடையிலிருந்தே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மணப்பெண் கோலத்தில் ஆவுடை அதில் உட்கார்ந்தாள். மோதிரத்தை அண்ணாச்சி நீட்டினார். அவள் தன் கண்ணைக் கல்லில் வைத்து, அழுவதற்காகத் தனக்குள் தேடினாள். ஒழித்துக் கழுவிவிட்ட வீட்டில் பழைய பாத்திரத்தைத் தேடுவது போலத் தேடினாள். பம்பாயை நினைத்தாள், அது ஒரு ஊராக மட்டும் இருந்தது. தளவாய் பக்கத்தில் நின்றான். அவனுடைய சட்டையில் புதுத்துணி வாசனை வந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கக்கூட முடியவில்லை.

"வரலையே" என்றது ஒரு குரல்.

"கல்லு ஒழுகுதோ என்னமோ."

"சின்னக் கல்லா இருக்கும்போதே நெனைச்சேன்."

தளவாயின் காது சிவந்தது. யார் எதைச் சொன்னாலும் பொறுத்துக்கொள்கிற அவனுக்கு, அந்தக் கல்லைச் சொன்னது பொறுக்கவில்லை. குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிறாற்போல, "ஒரே ஒரு தடவை. கொஞ்சம் முயற்சி பண்ணேன். நல்ல கல்லு இது" என்றான்.

ஆவுடை அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

அப்போதுதான் பிரமு, தளவாயின் அம்மைக்குக் குடிக்க மோர் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், ஆனால் மண்டபம் கேட்கிற அளவுக்குச் சொன்னாள்.

"அவளைக் குத்தம் சொல்லக்கூடாது அத்தை. இது வெங்காயக் கண்ணீரா, நெனைச்சதும் வர? மொத மாப்பிள்ளைக்காக மட்டும்தான் நிக்கும். அவ அப்பா செத்தப்பகூட நிக்கலை. இந்த ஊருல இருக்கிற அத்தனை கல்லும் அவனை நெனைச்சு அவ அழுத அழுகையில பாத்ததுதான். கொஞ்சம் இருங்க. நெனைப்பு வந்தா வந்துரும்."

தளவாயின் அம்மை மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். தளவாய் நிமிர்ந்தான். ஊரில் குடியேறிய நாளிலிருந்து துளி நிற்பதை எத்தனையோ தடவை தன் கடைப் பலகையிலிருந்து பார்த்திருக்கிறான். அது யாருக்கான துளி என்று அவன் கேட்டதில்லை, யாரும் சொன்னதில்லை. இப்போது அவன் முகத்தில் ஒரு கணக்கு ஓடுவதை எல்லோரும் பார்த்தார்கள். துளி வராவிட்டால் அவன் பார்த்து வாங்கிய கல் பழுது. வந்துவிட்டால் அவன் கட்டிக்கொள்ளப்போகிறவள் இன்னொருத்தனுக்கு அழுகிறாள்.

"இப்ப வந்துச்சுன்னா" என்று அவன் கேட்டான், "அது யாருக்கு ஆவுடை?"

அவன் குரலில் கோபமில்லை. அந்நியர்களிடம் கேட்கிற மரியாதைதான் இருந்தது. அவன் அங்கேயேதான் நின்றான், ஆனால் போய்விட்டான் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒருவன் வராமல் போவதற்கு வாசலைத் தாண்டக்கூட வேண்டியதில்லை என்று தெரிந்துவிட்டது. அவள் கண் நிறைந்தது. துளி இமையை விட்டு இறங்கி, கன்னத்தைத் தொடாமல் விலகி, கல்லுக்கு நேராக வந்து நின்றது. அப்படி ஒரு துளியை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. மண்டபத்துத் தூணும் தோரணமும் வாழைமரமும் கூட்டமும் அதற்குள் தலைகீழாகத் தெரிந்தன. கல்லின் வெளிச்சம் துளியில் பட்டு, துளியின் வெளிச்சம் கூரையில் பட்டு ஏழு நிறமாகப் பிரிந்தது. அண்ணாச்சி தன்னை அறியாமல் கைகூப்பினார்.

"உங்களுக்கு" என்றாள் ஆவுடை. "உங்களுக்குத்தான்."

தளவாய் துளியைப் பார்த்தான். வெளிச்சம் எப்படி நுழைந்து எப்படித் திரும்புகிறது என்று தெரிந்தவன், வெகுநேரம் பார்த்தான்.

"நல்ல கல்லுதான்" என்றான்.

பிறகு வாசலில் கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தான். அவனுடைய அம்மை தயங்கி, அண்ணாச்சியின் கையிலிருந்து மோதிரத்தை வாங்கிப் பெட்டியில் வைத்து மூடினாள். துளி விழுந்தது. "ஒரு குறையும் இல்லாத கல்லுன்னு நீங்களே பாத்துட்டீய. வேற இடத்துல ஆகும்" என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் கும்பிடு போட்டு இறங்கினாள்.

வேன் தெருவைத் திரும்பியது. ஆவுடை நாற்காலியிலேயே இருந்தாள். ஒரு கண் ஓய்ந்தால் மறு கண் நிறைந்தது.

"பழசு கொஞ்ச நாளாவே மெலிஞ்சுதான் இருந்தது" என்றார் கொம்பையா அண்ணாச்சி, பக்கத்திலிருந்தவரிடம். "இது புதுசு. இருக்கும். நம்ம காலத்துக்கும் இருக்கும்."

முதலில் எழுந்தது மேலத்தெருக்காரர் ஒருவர். வீடு பக்கம்தான், ஓடிப்போய்ப் பொட்டலத்தை எடுத்துவந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர் போனார். சற்று நேரத்தில் வரிசை மண்டபத்தைத் தாண்டி வெளியே போய், பந்தலைச் சுற்றி வளைந்தது. சாப்பாடு ஆறுகிறது என்று சமையல்காரர் இரண்டு தடவை வந்து சொன்னார். இலையில் உட்கார்ந்தவர்களும் பாதியில் எழுந்து வந்தார்கள். ஒழுகுகிற கற்களின் முன்னால் துளி விழுந்தது, நல்ல கற்களின் முன்னால் துளி நின்றது, ஒவ்வொன்று நின்றபோதும் அந்தந்த வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தை முழுக்கத் தள்ளிப்போன நிச்சயங்களுக்கெல்லாம் அங்கேயே நாள் குறித்தார்கள்.

குளத்துப் படியில் அவளைக் குத்திப் பேசிய பெண்ணும் வரிசையில் இருந்தாள். முறை வந்தபோது வெட்கத்தோடு முன்னால் வந்து, தன் கல்லைத் தானே இடுக்கியில் பிடித்து நீட்டினாள். பிரமு முந்தானையால் ஆவுடையின் முகத்தைத் துடைக்கக் குனிந்தாள்.

"துடைச்சிராதீய அக்கா" என்று அந்தப் பெண் அவசரமாகத் தடுத்தாள்.

துளி நின்றது. அந்தப் பெண் அதை மூச்சுவிடாமல் பார்த்தாள். பிறகு கல்லைத் தாளில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஆவுடையின் இரண்டு கைகளையும் பிடித்து, "நீங்க நல்லா இருப்பீய அக்கா" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.